முதலாளி கையால் போட்ட எண்

பொழுது சாய்வதற்குள் வீரய்யாவைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஏற்றிக்கொண்டு போன தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் யார் எப்போது திரும்பினார்கள் என்று கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் பதில் தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஜுனைதீன் ஹாஜியார் கடைக்கு வரும்வரை கந்தப்பன் வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றது அதனால்தான்.

வீரய்யா அவனுடைய அக்கா பெரியாயியின் புருஷன். இரண்டு பேருக்கும் பதுளையில் ஹாஜியாரின் மொத்தக் கடையில் வேலை; வீரய்யா ஸ்டோரில், கந்தப்பன் கவுண்டரில். தோட்டங்களுக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு அனுப்புகிற கடை. போன வருஷம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் கையால் சிட்டை எழுதுவது நின்றது. ஸ்டோர்காரன் தன் பெயரையும் இரகசிய எண்ணையும் தட்டினால் மெஷின் சிட்டை அடித்துத் தரும். சிட்டையைக் காட்டினால் லொறி கேற்றைத் தாண்டும். அப்படித் தாண்டிப் போன ஒரு லொறி மா, ஹல்துமுல்லைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்கும் போய்ச் சேரவில்லை. சிட்டையில் வீரய்யாவின் பெயர். எண்பத்தாறாம் வருஷம் அது. மா வடக்கில் துவக்குத் தூக்கிய பொடியன்களுக்குப் போயிருக்கும் என்று யாரோ ஒரு வார்த்தையைப் போட, பொலிஸ் ஜீப் ஸ்பிரிங்வெளி லயத்துக்கே வந்து வீரய்யாவைப் பிடித்துக்கொண்டு போனது.

“என்ன கந்தப்பன், அழுது என்ன செய்ற? மெஷின் பொய் செல்லுமா?” என்றார் ஹாஜியார்.

“பொய் சொல்லலைங்க மொதலாளி. யாரு தட்டினாலும் அது வீரய்யான்னுதான் சொல்லும்.”

“அதெப்படி? அவன்ட நம்பர் அவனுக்குத்தானே தெரியும்?”

மெஷினைத் திறந்த அன்று, ஆளுக்கொரு எண் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் கொழும்பு இன்ஜினியர் சொன்னார். ஹாஜியார் யாரையும் கிட்ட விடவில்லை. தொடங்குகிற கணக்கு பிஸ்மியோடு தொடங்கவேண்டும் என்று, அந்தக் கடையில் எந்தப் புத்தகத்தின் உச்சியிலும் பிஸ்மிக்குப் பதிலாக எழுதியிருக்கிற 786-ஐ எல்லாப் பெயருக்கும் தன் கையாலேயே தட்டினார். பிறகு எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். அவரவர் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுத்தான் போனார். யாருக்கு மனம் வரும்? முஸ்லிம் பையன்களுக்கு அது பரக்கத், இறைவனின் அருள். வீரய்யாவுக்கோ அதை மாற்றுவது, சாமி படத்தில் வைத்த பூவை எடுத்து எறிகிற மாதிரி.

“நீங்க போட்ட நம்பர யாருமே மாத்தலைங்க” என்றான்.

பக்கத்தில் நின்ற மருமகன் பலீல் சிரித்தார். “கேட்டீங்களா மாமா? இப்ப குத்தம் ஒங்கட தலையில.”

“அப்புடிச் சொல்லலைங்க சின்ன மொதலாளி. கண்ணால பாத்துருங்க.”

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான். ஹாஜியாரின் பெயரைத் தட்டினான். அந்த மூன்று எண்களையும் தட்டினான். திரையில் கொள்விலை, பாங்குக் கணக்கு, யார் யாருக்கு எவ்வளவு விலைக்கழிவு என்பது வரை திறந்து கிடந்தது. ஹாஜியாரின் விரலில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றது.

“இப்பதான் வெளங்குது!” என்று பலீல் துள்ளினார். “உள்ள போற வழி இவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. மாமன் மச்சான் ரெண்டும் ஒரே கூட்டு.”

“எனக்குத் தெரியுங்க. கேற்றில நிக்கிற பாறூக் நானாவுக்கும் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்.”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஹாஜியார் மருமகனின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பார்த்ததைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“பலீல், எல்லார்ட நம்பரையும் மாத்து. இப்பவே.”

கந்தப்பன் காலில் விழுந்தான். “ஒண்ணே ஒண்ண விட்டு வைங்க மொதலாளி! மச்சானோடத மட்டும். இன்ஸ்பெக்டர் ஐயா வந்து ஒருக்கா பாக்கட்டும். அப்பறம் மாத்திக்கங்க.”

“பொலிஸக் கூட்டி வந்து, எங்கட பூட்டுல ஓட்டை ஈக்கின்னு நானே காட்டவா? ஊர் சிரிக்காதா?” ஹாஜியாரின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. “எழும்பு. நான் துஆ செய்றன்.”

பலீல் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு பெயராக அடைபட்டது. வீரய்யாவின் பெயர் வந்தபோது கந்தப்பன் அவர் விரலைப் பிடிக்கப் போனான். பாறூக் வந்து அவன் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

பொலிஸ் நிலையத்துக்கு எதிரே மதகில் பெரியாயி சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“மொதலாளி வாறாராடா?”

“வரலக்கா. துஆ செய்றாராம்.”

“அது சாமிக்குக் கேக்கும். இன்ஸ்பெக்டருக்குக் கேக்குமா?”

கந்தப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அடுத்தவன் பேர்ல மெஷினத் தொறந்தேன்னு நான் உள்ள போய் வாக்குமூலம் குடுக்கப் போறேன். இன்னிக்குத் தொறந்தது நெசந்தானே.”

“ஒன்னையும் சேத்துல்ல ஏத்துவாங்க!”

“ஏத்தட்டும். இன்னொருத்தனாலயும் முடியும்னா, மச்சான்தான் செஞ்சாருன்னு எப்புடிச் சாதிப்பாங்க?”

பெரியாயி பொட்டலத்தைப் பிரித்து, புருஷனுக்கென்று கட்டிய சோற்றில் பாதியைத் தனியே ஒதுக்கினாள். “ஒரு வாய் தின்னுட்டுப் போடா.”

அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றான். உள்ளே ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. கை கழுவாமலேயே எழுந்து ரோட்டைக் கடந்து, ஓட்டமாகப் படியேறினான்.