கழுவிக் கொடுத்த சைக்கிள்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "எழுதிடாதே" என்றாள். கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நேராகவே கேட்டேன். இரண்டு நிபந்தனை போட்டாள். எழுத எழுத அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அழாதவர்களை அழ வைக்கக் கூடாது.

ஆகவே நீங்கள் படிப்பதற்கு முன்பே இதை ஒருத்தி படித்திருக்கிறாள், கையில் பேனாவோடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓய்ந்த மறுநாள் நகரம் தன் முகத்தைக் கண்ணாடியில்..."

நகரத்துக்கு முகம் வைத்ததுமே அக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

அடுத்து: "அவன் கடைசியாக அந்த சைக்கிளில் ஏறியபோது, அம்மா அடுப்படியில்..."

"நீ பாத்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை: "கிடங்கில் இடம் போதவில்லை."

"ம். இதான்" என்றாள்.

2

கிடங்கில் இடம் போதவில்லை.

அக்கா ஓர் அருங்காட்சியகத்தில் சேகரிப்புக் காப்பாளர். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அவளைப் பார்க்க மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பின்பக்கக் கிடங்கில். அங்கே காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது, பூச்சிப் பொறிகளில் என்ன விழுந்திருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது, எண் அட்டை அவிழ்ந்துபோன சாமானுக்கு மறுபடி அட்டை கட்டுவது, எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முதல் வார்த்தை சொல்வது, எல்லாம் அவள் வேலை. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கிப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'பூட்டு'.

கீழ்த்தளத்தை வேறொரு துறை எடுத்துக்கொண்டதில் கிடங்கு பாதியாகச் சுருங்கியது. ஒரே மாதிரி சாமான்கள் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தவர்களிடமே திருப்பிவிடலாம் என்று கமிட்டியில் முடிவாயிற்று. பத்து வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தின் நினைவாகச் சேர்த்தவற்றில் நீர்மட்டம் கோடாகப் பதிந்த கதவு ஒன்று, ஊறி உப்பிய புத்தகப் பை ஒன்று, நான்கு சைக்கிள்கள்.

"ஒரு வெள்ளத்துக்கு ஒரு சைக்கிள் போதாதா?" என்றார் இயக்குநர்.

(முதல் வரைவில் இவரை வில்லனாக்கி, தங்கப்பல் ஒன்றும் வைத்திருந்தேன். அக்கா கோபித்துக்கொண்டாள். "அவர் நியாயமாத்தானே கேட்டாரு? நாலையும் எங்க வைக்கறது, உன் தலையிலயா?" பல்லைப் பிடுங்கிவிட்டேன்.)

எதை வைத்துக்கொள்வது என்பதில் அக்காவுக்குக் குழப்பமே இல்லை. வங்கிக் காசாளர் ஒருவர் கொடுத்த சைக்கிள் இருந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருக்க, சக்கரக் கம்பிகளில் கோரைப்புல் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளம் அதன்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம். மீதி மூன்றில் ஒன்றைக் கொடுத்தவருக்குக் கொடுத்த ஞாபகமே இல்லை. இன்னொருவர், "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார்.

மூன்றாவது, ஒரு தையற்காரம்மாவுடைய பையனின் சைக்கிள்.

3

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் அக்கா அடித்துவிடுவாள்.

பையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும், ஆற்றோரத் தெருவில் தனியாக இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். அத்தையை மாடியில் ஏற்றிவிட்டான். அவள் பிழைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் அவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. (இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.)

வெள்ளம் வடிந்தபின் சைக்கிள் பாலத்துத் தூணில் சிக்கிக் கிடந்தது. யாரோ அடையாளம் கண்டு வீட்டில் கொண்டுவந்து சாத்தினார்கள். அந்த அம்மா அதைக் கழுவினாள். ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாள். செயினுக்கு எண்ணெய் விட்டாள். சீட்டு கிழிந்திருந்தது, கருநீலத் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் புது உறை தைத்து மாட்டினாள். வெள்ளத்தில் அகப்பட்ட சாமான்களைக் கொடுக்கலாம் என்று அருங்காட்சியகம் அறிவித்தபோது, தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.

அக்கா அப்போது வேலைக்குப் புதிது. வாங்கி எண் போட்டது அவள்தான். "பளபளன்னு இருந்துச்சுடி. எனக்கு மனசு தொப்புனு விழுந்துடுச்சு" என்றாள் என்னிடம். கேட்டது சேறு, வந்தது பளபளப்பு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று வாங்கிக்கொண்டாள்.

"வீட்ல வச்சா தினம் பாக்கணும். வித்தா யாராவது ஓட்டுவாங்க. உங்ககிட்டன்னா இருக்கும்" என்றாளாம் அந்த அம்மா.

வருடம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அக்கா நாற்காலி போடுவாள். உட்கார மாட்டாள்.

4

அக்கா தொலைபேசியைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, எண்களைத் தயங்கித் தயங்கி அழுத்தி...

"போன்லயா?" என்றாள் அக்கா. "கூடவே பொறந்தவ, என்னைப் பத்தி இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருக்கியா?"

நேரில்தான் போனாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடை முழுக்கச் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அந்த அம்மா இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. இன்னும் வருஷம் ஆகலையே, நானே வருவேனே?"

அக்கா சொன்னாள். இடம் சுருங்கியதை, கமிட்டி முடிவை, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதை. இயந்திரம் நின்றது.

"என் சைக்கிள்ல என்ன குறை?"

இந்த இடத்தில் அக்கா பொய் சொல்லியிருக்கலாம். குலுக்கல் போட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அதுதானே தொழில்.

"குறை ஒண்ணும் இல்லம்மா. வெள்ளம் எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுக்குத்தான் வாங்கினோம். இதுல அந்தச் சேறு இல்ல."

"நான்தான் கழுவினேன்."

"ஆமாம்மா."

"கழுவாம குடுத்திருந்தா வச்சிருப்பீங்களா?"

"வச்சிருப்போம்."

வாயில் கடித்திருந்த குண்டூசியை அந்த அம்மா எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"பெத்த பிள்ளை சாமானை எவளாவது சேறோட வெளிய குடுப்பாளா?"

சொல்லிவிட்டு, கிடந்த சீருடைத் துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

"சரி, கிளம்புங்க. துணி நிறைய கிடக்கு."

5

ஒரு வாரம் கழித்து அவளே அருங்காட்சியகத்துக்கு வந்தாள். அக்கா நாற்காலியை இழுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். வச்சுக்கப் போறது எது? அதைக் காட்டுங்க."

அக்கா காசாளரின் சைக்கிள் மேல் போட்டிருந்த துணியை விலக்கினாள். அந்த அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து கம்பிக்குள் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"ஒருத்தர் குடுத்தாரு. நல்லா இருக்காரு, ரிட்டயர் ஆயிட்டாரு."

"இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே புடவைத் தலைப்பை எடுத்தாள். கைப்பிடியில் திரண்டிருந்த சேற்றைத் துடைக்கப் போனாள். நினைத்துச் செய்ததில்லை, அழுக்கைப் பார்த்தால் போகிற கை. அக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க!"

கிடங்கே திடுக்கிட்டது.

(என் வரைவில் இங்கே இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு... அக்கா ஒரே கோடாக அடித்துவிட்டாள். "யாரும் அழல." நடந்தது கீழே.)

"உடைச்சுடவா போறேன்?" என்றாள் அந்த அம்மா.

"உதிர்ந்துடும்மா. உதிர்ந்தா திரும்ப ஒட்டாது."

"அழுக்குக்குப் போயி இப்படிப் பதறுறீங்களே!"

அவள் சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோதும் அக்கா அந்தக் கையை விட்டிருக்கவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்கும் யாராவது இப்படிக் கையைப் பிடிச்சிருக்கலாம்" என்றாள். "எல்லாத்தையும் கழுவிட்டேன். ஹேண்டில் பார்ல அவன் கை அழுக்கும்தானே இருந்திருக்கும்?"

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். இங்கே அவள் வாயில் அருமையான ஒரு வசனத்தை வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

6

அடுத்த கமிட்டிக்கு அக்கா ஒரு பக்கக் குறிப்பு கொண்டுபோனாள். இரண்டு சைக்கிளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்று வெள்ளம் செய்ததைக் காட்டும். மற்றது வெள்ளம் போனபின் வீட்டில் இருந்தவர்கள் செய்ததைக் காட்டும். கழுவியது, எண்ணெய் விட்டது, உறை தைத்தது எல்லாம் அந்த வெள்ளத்தைச் சேர்ந்ததுதான். இதை நாம் பத்து வருடமாகப் பார்க்கவில்லை.

"அது சரி பூட்டு, எங்க வைப்பீங்க?" என்றார் இயக்குநர்.

"என் ரூம்ல இருந்த ரெண்டு பீரோவை வெளிய போட்டுட்டேன் சார்."

"கமிட்டி ஒத்துக்கும்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். பீரோவ நகர்த்தறது நம்ம கையில இருந்துச்சு, நகர்த்திட்டேன்."

ஒத்துக்கொண்டார்கள்.

நான் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். எவ்வளவு அழகான முடிவு! சேறு ஒரு பக்கம், பளபளப்பு ஒரு பக்கம், நடுவில் ஒரு விளக்க அட்டை. அந்த அட்டையைக்கூட எழுதிவிட்டேன். அக்கா படித்துவிட்டு, "அந்தம்மாகிட்ட யாரு கேட்டது?" என்றாள்.

கமிட்டி முடிந்ததும் அக்கா நல்ல சேதி என்று குதித்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மா காலர் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப வேணுங்கறீங்களா?"

"ஆமாம்மா. உங்களோடது கட்டாயம் வேணும்."

அந்த அம்மா தலையைத் திருப்பிச் சுவரைக் காட்டினாள். போன தடவை துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த அலமாரி அங்கே இல்லை. ஒரு சைக்கிள் நீளத்துக்குச் சுவர் காலியாக இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"நானும் இடம் ஒழிச்சுட்டேனே" என்றாள்.

இரண்டு பேரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி, கண்ணுல படாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"யோசிங்கம்மா. இது உங்களோடது."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நான் எதுக்கும்மா கோவிச்சுக்கப் போறேன்?"

(கோபமில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.)

7

நேற்று அந்த அம்மா அருங்காட்சியகத்துக்கு வந்தாள். கமிட்டிக்கு இன்றைக்குள் அவள் முடிவு சொல்லியாக வேண்டும்.

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் சைக்கிளை அங்கேயே விடுகிறாள். முன்பு விட்டது தான் பார்க்கப் பயந்து, இப்போது விடுவது நாலு பேர் பார்க்கட்டும் என்று. இரண்டாவதில் உருட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாள். காலர் தைக்கும்போது நிமிர்ந்தால் அது எதிரில் நிற்கும். முதலாவதை எழுதும்போது காலியான அந்தச் சுவர் என்னைத் தொந்தரவு செய்தது. இரண்டாவதை எழுதும்போது அக்கா தனியாக நகர்த்திய பீரோக்கள் தொந்தரவு செய்தன. எதை முடித்தாலும் ஒருத்திக்குத் துரோகம் செய்கிற மாதிரியே இருக்கிறது.

"நேத்து என்னதான் சொன்னாங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. பையில பம்ப் கொண்டுவந்திருந்தாங்க."

"பம்ப்பா?"

"காத்து இல்லாம எத்தனை நாள் நிக்கும், டயர் வெடிச்சுப் போயிடும்னாங்க. கீழ உக்காந்து அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

சேகரிப்பில் இருக்கிற பொருளுக்கு யாரும் காற்றடிக்கக் கூடாது. அக்காவைவிட இது யாருக்குத் தெரியும்? அவள் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"உருட்டிட்டுப் போறதுக்கா, இல்ல இங்க நல்லா நிக்கறதுக்கான்னு நீ கேக்கலையா?"

"மூச்சு வாங்க அடிச்சுட்டு இருக்காங்க. அப்ப போயி எப்படிடி கேக்கறது?"

அக்கா காலையில் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து சொல்வாள்; நான் எழுதப் போவதில்லை. கருநீல உறை போட்ட அந்த சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த கடைசிச் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

முன்சக்கரத்தில் காற்று இறங்காமல் நின்றது. பின்சக்கரத்துக்கு வந்தபோது அந்த அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. "குடுங்க, நான் கொஞ்சம் அடிக்கறேன்" என்று அக்கா பம்பை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.