அடிவாரம் வரைக்கும் ஒரு டிக்கெட்

செங்கோட்டையன் இரண்டாம் தரம் ரசம் வாங்கிக்கொண்டபோதுதான் அதைச் சொன்னார். என் கணவருக்குப் பெரியப்பா மகன்; எனக்கு மச்சாண்டார் முறை. மருதமலை அடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறார். மகளின் பூப்புச் சீருக்கு அழைக்க ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே, "ஏனம்மணி, திங்கக்கெழமையும் வெசாழக்கெழமையும் அடிவாரத்துக்கு வாரீங்க, பஸ்ஸ உட்டு எறங்காமயே திரும்பிப் போயிர்றீங்க. மலையேறாம அப்படி என்னுங்க சோலி?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் என் கணவர் காளிச்சாமி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாமியார் பாவாத்தாள் விசிறுவதை நிறுத்திவிட்டார். அந்த இரண்டு நாளும் கம்பெனிக்கு ரிப்பேர் மோட்டார் வந்துவிடுகிறது, வேலை முடிய நேரமாகிறது என்றுதான் நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

பொய்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை எதற்குச் சொன்னேன் என்று தெரிந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். உட்கார்வதற்கு. ஒன்றரை மணி நேரம், யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத இடத்தில், ஜன்னலோரமாக உட்கார்வதற்கு.

கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் எனக்கு மோட்டார் வைண்டிங் வேலை. செம்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிற குழிகளில் ஒவ்வொன்றாக அமுக்கி இறக்க வேண்டும். நகக்கண் கிழியும். வார்னிஷ் நெடி தலைக்குக் குளித்தாலும் போகாது. தொண்ணூற்றாறாம் வருஷம் கிருபாசங்கர் என்று ஒரு சூப்பர்வைசர் வந்து சேர்ந்தான். டிப்ளமோ படித்தவன். கையில், ஓட்டப்பந்தயத்தில் அமுக்கிப் பார்ப்பார்களே, அந்தக் கடிகாரம். ஒரு மோட்டாருக்கு எத்தனை நிமிடம், தண்ணீர் குடிக்க எத்தனை, ஒதுங்கப் போனால் எத்தனை என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வான். பதினான்கு வருஷம் அங்கே கை தேய்ந்தவள் மூத்திரம் போவதற்கு நேரம் குறிக்கிறான் இவன். அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "அம்மணி, காப்பி" என்று ஒரு குரல். குழாயில் தண்ணீர் வருகிற நாளென்றால் வாசலிலேயே குடம் காத்திருக்கும்.

காளிச்சாமிக்கும் இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியில் வெக்கையான வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் வந்ததும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு முக்கு பேக்கரிக்குக் கிளம்பினால் எட்டரைக்குத்தான் திரும்புவார். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், நாலு சிநேகிதர்கள். எங்கே போனாய், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று இதுவரை அவரை ஒரு நாய்கூடக் கேட்டதில்லை.

கணபதியிலிருந்து காந்திபுரம் வந்து நான் பஸ் மாற வேண்டும். ஒரு திங்கட்கிழமை எங்கள் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் மருதமலை பஸ் காலியாக நின்றது. என்ன நினைத்தேனோ, ஏறிவிட்டேன். அடிவாரம் வரைக்கும் ஒரு டிக்கெட். விவசாயக் கல்லூரியைத் தாண்டியதும் காற்றே வேறாக இருந்தது. வடவள்ளியில் பாதிப் பேர் இறங்கினார்கள். அடிவாரத்தில் மிச்சப் பேரும் இறங்கிப்போக, டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்ஜின் நின்றதும் அப்படி ஒரு அமைதி. அந்தக் கால் மணி நேரம் நான் எதையும் நினைக்கவில்லை. முருகனைக்கூட நினைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வேலை செய்தபோது யார்மேலும் எரிந்து விழவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குக் கூட்டம் போகும் என்பதால், திங்களையும் வியாழனையும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மச்சாண்டார் போன பிறகு வீட்டில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாள் காளிச்சாமி லீவு போட்டுவிட்டு எங்கள் பட்டறைக்குப் போய், கிருபாசங்கரையே வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டு, ரிப்பேர் மோட்டார் எந்தெந்த நாளில் வரும் என்று விசாரித்திருக்கிறார். வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. அந்தக் கடிகாரக்காரனிடம் போய் என்னைப் பற்றிக் கேட்க மட்டும் வந்திருக்கிறது.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் மாமியார். கட்டிய விதம்தான் கொடுமை. "மலைக்கு எவளாச்சும் தப்புப் பண்ணப் போவாளாடா? பையன் வேணும்னு வேண்டியிருக்கறா. வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு மறைச்சுபோட்டா. நெறவேர்ற வரைக்கும் படியேறக் கூடாதுன்னு அடிவாரத்துலயே கும்பிட்டுட்டு வாரா" என்று மகனிடம் சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். எங்களுக்கு ஒரே பெண், லோகப்பிரியா, ஐந்தாவது படிக்கிறாள். இன்னொன்று வேண்டாம் என்று நானும் அவரும் பேசி முடிவெடுத்து ஏழெட்டு வருஷமாகிறது. அவர் அதைத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகத்துக்கு வேண்டுதல் மேல், திங்களும் வியாழனும் தப்பித்தது என்று நினைத்துவிட்டேன். முட்டாள்.

அந்த வியாழனே மாமியார் காந்திபுரத்தில் வந்து காத்திருந்து என்கூடக் கிளம்பிவிட்டார். ஜன்னல் சீட்டு அவருக்கு. அடிவாரத்தில் என்னை உட்கார விடவில்லை. படியேறக் கூடாது என்று சொன்னவரே, தான் கூட வந்தால் தோஷமில்லை என்றார். நாளெல்லாம் நின்ற காலோடு அத்தனை படியும் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு முத்தாத்தாள் தன் மருமகளுக்குத் திருநீறு கேட்டாள். எதிர் வீட்டு ரங்கம்மாள் பேரனுக்குக் கயிறு கேட்டாள். அடுத்த வாரம் தெருவே என்னிடம் ஏதாவது வாங்கிவரச் சொன்னது. சொல்லும்போது எல்லோர் கண்ணும் என் வயிற்றில் ஒரு தடவை இறங்கி ஏறியது. காளிச்சாமி மாதுளம்பழம் வாங்கி வந்து நீட்டினார். லோகு பிறந்தபோதுகூட அவர் எனக்குப் பழம் வாங்கி வந்ததாக நினைவில்லை.

ஒருநாள் திரும்பி வரும்போது மாமியார் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நொம்ப நாளைக்கப்பறம் காத்தோட்டமா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். பாவமாகத்தான் இருந்தது. அந்த மனுஷிக்கும் யாரும் உட்கார இடம் கொடுத்ததில்லை. ஆனால் அதற்கு என் சீட்டுதானா கிடைத்தது? உலகத்தில் இத்தனை ஆம்பளைகள் இத்தனை பேக்கரியில் உட்கார்ந்திருக்க, ஒரு ஜன்னலை நாங்கள் இரண்டு பேர் பங்கு போட வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லோகுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் கையிலிருந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டு, "தம்பிப் பாப்பா வேணும்னுதான் மலைக்குப் போறீங்களாம்மா? நானு பத்தாதுங்களா?" என்று கேட்டாள். பாதிப் பின்னலை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அப்புறம் எழுந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். மாமியாரும் அங்கேதான் இருந்தார்.

"எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லீங்க. பையனும் வேண்டாம். பஸ்ஸுல சும்மா உக்காரத்தான் போனேன்."

"சும்மான்னா?" என்றார் காளிச்சாமி.

"சும்மான்னா சும்மாதானுங்க. நீங்க பேக்கரில உக்கார்ற மாதிரி."

"அங்க நாங்க நாலு விசயம் பேசறோம். சும்மாவா இருக்கறோம்?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை. கள்ளத் தொடுப்பு என்றால் அவருக்கு விளங்கும். பட்டறை கேட் வரைக்கும் போய் விசாரிப்பார். சாமி என்றால் விளங்கும். மாதுளம்பழம் வாங்கி வருவார். ஒருத்தி தப்பும் செய்யாமல் புண்ணியமும் தேடாமல் வெறுமனே உட்கார்ந்திருக்க ஆசைப்படுவாள் என்பது மட்டும் அவர் தலையில் ஏறவே இல்லை. மாமியாருக்கோ வேறு கவலை. முத்தாத்தாளிடம் இனி என்ன சொல்வது என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் காளிச்சாமி பேப்பரை மடித்து வைத்தார்.

"சும்மா உக்கார்றதுக்கு எதுக்கு பஸ்ஸு? ஊட்லயே உக்காரு. ஆரு வேண்டாங்கறா?"

மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு நேராக வீட்டுக்கு வந்து, கைப் பழக்கத்தில் பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். வெளியே வந்தால் காளிச்சாமி பேக்கரிக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, ஒறம்பரை யாராவது வந்தால் எடுத்துப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். "உக்காரம்மணி. எத்தன நேரம் வேணுமோ உக்காரு" என்றார். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. இரண்டு நிமிடத்தில் நானே எழுந்து ஓடுவேன், அதோடு இந்தப் பேச்சு முடியும் என்று அவருக்கு நிச்சயம். மாமியார் சுவரோரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். லோகு தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன்.

முதல் விசில் வந்தது. இரண்டு வந்தது. எங்கள் வீட்டுப் பருப்புக்கு மூன்று போதும். நாலாவதுக்கு மாமியார் நிமிர்ந்து, "அம்மணி, குக்கரு" என்றார். கேட்கிறது என்றேன். காளிச்சாமி சிரிப்பதை நிறுத்திவிட்டு, விளையாடாதே, போய் நிறுத்து என்றார்.

"சும்மா உக்காந்திருக்கறேனுங்க" என்றேன்.

ஐந்தாவது விசிலோடு அடிப்பிடித்த வாசனை வந்தது. அப்போது லோகு நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பத்து வயது. பாவாடையை உதறிவிட்டு, தன் வேலைதான் அது என்பது போலச் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நீ உக்காரு கண்ணு" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மாமியார் முறத்தை ஒதுக்கி வைத்து, எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். ஊன்றிய கை அப்படியே இருந்தது, அவர் எழவில்லை.

காளிச்சாமி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். ஆறாவது விசிலுக்கு இரண்டு அடி பின்னால் வந்தார். அடுப்பில் எதைத் திருக வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அவர் அந்த ஆவிக்குள் கையை நீட்டினார்.