எடுக்க முடியாத பந்து

எங்கள் மன்றத்தில் இறகுப்பந்துக்கு நான்கு கோர்ட். முதலாவதில் மட்டையை எப்படிப் பிடிப்பது என்று கேட்பவர்கள், நான்காவதில் என் பேச்சையே கேட்காதவர்கள், நடுவில் முட்டிவலிக்காரர்கள். பதினோரு வருஷமாக இங்கேதான் கோச்சாகக் குப்பை கொட்டுகிறேன். காற்று வந்தால் பந்து திசைமாறும் என்று ஜன்னல் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

தினமும் முதலில் வருபவர் தையல்கார அக்கா. நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார். அவருடைய மட்டை எங்கே இருக்கிறதோ அங்கே பந்து போய்ச் சேர வேண்டும்.

"கோச்சம்மா, இன்னைக்கு எனக்கு நல்லா படுது!" என்பார்.

படாமல் என்ன செய்யும்?

இங்கிருந்து தப்பிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான மண்டல அணியில் இடம்பிடித்தால் பெரிய அகாடமி ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது.

தேர்வின் கடைசி ஆட்டம், ஒரு வங்கி அதிகாரியோடு. மூன்றாவது செட்டில் இருபதுக்குப் பத்தொன்பது, நான் முன்னால். இன்னும் ஒரே ஒரு புள்ளி. அந்தம்மா இடது மூலையில் தடுமாறி ஒரு காலை ஊன்றி நின்றார். வலது பக்கம் முழுக்கக் காலி, மாடு மேய்க்கலாம். பார்த்தேன். அங்கேதான் குறிவைத்து அடித்தேன். பந்து சாதுவாகப் போய் அவர் மட்டையிலேயே விழுந்தது; அவர் அதைத் தட்டிப் புள்ளியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். பதினோரு வருஷப் பழக்கம் கையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இருபதுக்கு இருபத்திரண்டு என்று தோற்றேன்.

அந்தம்மா வந்து கைகுலுக்கினார். "உங்களோட ஆடுறதே ஒரு சுகம்ங்க. பந்து நம்மளத் தேடிக்கிட்டு வருது." அவர் மட்டையைப் பிடுங்கி உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. நன்றி சொன்னேன்.

பார்க்க வந்திருந்த என் தங்கை விடவில்லை. "ஏன்க்கா அவங்க கையிலயே கொண்டுபோய்க் குடுத்த? விட்டுக்குடுத்தியா?"

"இல்லடி."

"அப்புறம்?"

மட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன்.

மறுநாள் தையல்கார அக்காவை எதிரே நிறுத்தினேன். "அக்கா, இன்னைக்கு உங்களால எடுக்கவே முடியாத மாதிரிதான் போடுவேன். ஓடணும்."

"ஐயையோ, ஓடணுமா? நான் செத்தேன்."

இடது மூலைக்கு அடித்தேன். திருப்பி அனுப்பினார். வலது மூலைக்கு அடித்தேன். அதுவும் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். அக்கா சத்தமாக எண்ணிக்கொண்டே போனார்.

"இருபது! கோச்சம்மா, நான் ஓடவே இல்லையே!"

எனக்கு அழுகை முட்டியது. முதுகைக் காட்டி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்பியபோது அக்கா மட்டையை நீட்டியபடி அதே இடத்தில் காத்திருந்தார். அடுத்த பந்தை எடுத்தேன்.