தூண்டிலுக்குப் போன மாவு

என் மனைவி அனந்தலக்ஷ்மி அரைத்த இட்லி மாவைச் சாப்பிட்டவர்கள் மூன்று தரப்பு. நான், எங்கள் மகள் வசுமதி, பெஹாலாவைத் தாண்டி இருக்கும் ஒரு குளத்து மீன்கள். இதில் ஒரு நாளும் குறை சொல்லாமல் சாப்பிட்டவை மீன்கள் மட்டும்தான்.

இதற்குக் காரணம் எங்கள் மேல் வீட்டு கோஷால் பாபு. பாலிகஞ்சில் நாங்கள் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது. வாரமெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கோப்பு பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். டிக்கெட் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மீன் பிடிக்க விடுகிற குளங்கள் இந்த ஊரைச் சுற்றி நிறைய உண்டு. வசுமதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், அனந்தலக்ஷ்மி புளித்துப் போன மாவைக் கொட்ட எடுத்தபோது வாசலில் நின்ற கோஷால் பாபு மூக்கை உறிஞ்சினார். நல்ல புளிப்பு, நடுவில் வெந்தய வாசனை. மற்றவர்கள் எறும்பு முட்டையும் ரொட்டியும் வைத்து மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் அன்றிலிருந்து எங்கள் மாவில் சத்து மாவைப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து தூண்டில் முள்ளில் வைத்தார். குளக்கரையில் யாருக்கும் இந்த விஷயத்தை அவர் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் எவர்சில்வர் கிண்ணத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார். அதற்காகவே அவள் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டு அரைப்பாள்.

நாங்கள் முட்டைகூட வாங்காத குடும்பம். மீன் வாடை இல்லாத தெருவே இல்லாத ஊரில் அப்படி இருப்பதற்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். அனந்தலக்ஷ்மிக்கு அது இருந்தது. ஞாயிறு சாயங்காலம் மாடிப்படியில் கோஷால் பாபுவின் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, தன் ஓட்டை வங்காளியில், "மாவு சரியா இருந்துதா?" என்று மட்டும் கேட்பாள். அவர் மீன் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ், பௌதி" என்பார். பௌதி என்றால் அண்ணி. மீன் என்ற சொல் எங்கள் வாசலில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவர் மேலே போனதும் படியில் சொட்டியிருக்கும் தண்ணீரை இவள் ஃபினைல் போட்டுத் துடைத்துவிட்டு வருவாள். அதைப் பற்றியும் பேச்சு கிடையாது.

காளி பூஜைக்கு முந்தைய வாரம் அவள் போய்விட்டாள். மாலையில் மாவு அரைத்துக் கரைத்து வைத்தாள், ராத்திரி மார்பு வலிக்கிறது என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் கூடத்தில் படுத்திருந்தாள். ஐஸ் கட்டி வாங்க ஒருவர், சாஸ்திரிகளைக் கூப்பிட ஒருவர் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டு மேடையில் வழிந்துகொண்டிருந்தது.

சாவு வீட்டில் இருக்கிற சமைத்தது, அரைத்தது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு அது தெரியாமல் இல்லை. வழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. அப்புறம் போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் எல்லோரும், "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வெச்சவ" என்றார்கள். நான் கொடுத்து வைக்கவில்லையா என்று கேட்கலாம் போலிருந்தது, கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அப்படி உடம்பு முழுக்க மரத்திருந்தது. பதின்மூன்றாம் நாள் வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். துக்கம் முடிந்தது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டுப் போனார். ஆரம்பிக்கவே இல்லையே ஐயா என்று நினைத்துக்கொண்டேன்.

வசுமதி புனேயிலிருந்து வந்திருந்தாள். திங்கட்கிழமை திரும்ப வேண்டும். போவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சனிக்கிழமை ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். டப்பா அகப்பட்டது. திறந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னப்பா இது? எப்போ அரைச்சது?"

"உங்கம்மா அரைச்சது. அன்னிக்கு."

அவள் டப்பாவை மூடினாள். பிறகு மெதுவாக, "தீட்டு மாவுப்பா. வெச்சுக்கக் கூடாது. கொட்டிடறேன்" என்றாள்.

"அதை வை."

"எத்தனை நாளைக்கு வெப்பேள்?"

நியாயமான கேள்விதான். அந்த டப்பா போனால் அனந்தலக்ஷ்மி கையால் செய்தது என்று வீட்டில் ஒன்றும் மிஞ்சாது, அது மட்டும் தெரிந்தது. "வை" என்று மறுபடி சொன்னேன். வைத்தாள். நாளை ராத்திரி கொட்டிவிடுவேன் என்று சொல்லியே வைத்தாள். சொன்னால் செய்கிறவள், அம்மாவைப் போல.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கோஷால் பாபு, கையில் கிண்ணத்தோடு நிற்கிறார்.

என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பழக்கத்தில் கால் தானாக இறங்கி வந்திருக்கிறது, மணியும் அடித்துவிட்டது. "ஐயர் பாபு, நான்… தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தடுமாறினார். நாங்கள் வங்காளியில்தான் பேசுவோம், ஆனால் அன்று அவருக்கு அதுவே மறந்துவிட்டது போலிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இந்த வீட்டில் அவளைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான் தோன்றியது.

"மாவு இருக்கு. நாளைக்கு நானே குளத்துக்கு எடுத்துண்டு வரேன்" என்றேன்.

அவர் போனதும் வசுமதி என்னையே பார்த்தாள். "வருஷம் திரும்பலை, கோவிலுக்குக்கூடப் போகக் கூடாது. நீங்க மீன் பிடிக்கப் போறேளா?"

"நான் பிடிக்கப் போகலை. மாவுக்குத் துணையாப் போறேன்."

காலையில் கோஷால் பாபுவோடு டாக்ஸியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தூண்டில்காரர்கள் கரையோரம் குடைகளை நட்டு, மூங்கில் பரண்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

கோஷால் பாபு ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி, மயில் இறகுத் தண்டில் செய்த தக்கையைத் தூண்டில் நரம்பில் ஏற்றி நிறுத்தினார். முதலில் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து, ஒரே இடத்தில் உருண்டை உருண்டையாக வீசினார். மீன் அங்கே கூடுவதற்காக. அதில் கொஞ்சம் மாவு சேர்த்தால் நல்லது என்றார்.

"தண்ணியில கரைக்கறதுக்கா? முடியாது" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. முள்ளில் வைப்பதற்கு மட்டும், ரேஷன் கடைக்காரன் மாதிரி ஸ்பூனால் அளந்து கொடுத்தேன். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, முள் வெளியே தெரியாமல் பொதித்து வீசினார். தக்கை நடுங்கியது. "சின்னது. கொத்திப் பார்க்குது. அவசரப்படக் கூடாது. பெரிசு வந்தா தக்கை சாய்ஞ்சு உள்ளே போகும், அப்பத்தான் தூக்கணும்" என்றார். இழுத்துப் பார்த்தால் வெறும் முள். சின்ன மீன்கள் கொத்திக் கொத்தியே மாவைத் தீர்த்தன. மறுபடி ஒரு ஸ்பூன், மறுபடி வெறும் முள். மதியம்வரை இதே கதை. டப்பா குறையக் குறைய எனக்கு அந்தப் பொடி மீன்கள்மேல் எரிச்சல் வந்தது. பல நாளுக்கப்புறம் வந்த எரிச்சல்.

பொட்டலத்துப் பொரியைப் பகிர்ந்துகொண்டபோது அவர் சொன்னார்: "எங்க பக்கம் காரியம் முடிஞ்சதும் வீட்டுக்காரங்களுக்கு மீன் போடுவோம். மீன் வாயில பட்டா துக்கம் விட்டுதுன்னு அர்த்தம். உங்களுக்கு என்ன?"

"வடை, பாயசம்."

"விட்டுதா?"

"இல்லை."

"எனக்கும் எங்கம்மா போனப்போ விடலை" என்று சொல்லிவிட்டுத் தக்கையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. டப்பாவில் ஓரத்தில் ஒட்டியிருந்தது மட்டும் பாக்கி. கோஷால் பாபு எட்டிப் பார்த்தார். "இதுதான் கடைசி. வேணாம் ஐயர் பாபு, வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் ரொட்டி வெச்சுக்கறேன்."

வீட்டுக்குக் கொண்டு போனால் வசுமதி குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடையில் கரைத்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தால், பூசணம் பிடித்ததும் நானே ஒரு நாள் கொட்ட வேண்டியிருக்கும். அனந்தலக்ஷ்மிக்குக் கொட்டுவது பிடிக்காது. கிரைண்டர் கல்லைக்கூட விரலால் மூன்று தரம் வழிப்பாள். அந்தக் கூடுதல் கைப்பிடி அரிசியை அன்றைக்கும் இவருக்காகத்தான் போட்டிருப்பாள்.

அவள் வழிப்பது போலவே டப்பாவைச் சுற்றி விரலால் வழித்தேன். சத்து மாவைத் தூவி நானே பிசைந்தேன். கையில் அவளுடைய காலை நேரத்து வாசனை அடித்தது. நானே உருட்டிக் கொடுத்தேன்.

அவர் வீசினார். தக்கை நின்றது. வெகு நேரம் நின்றது. பக்கத்தில் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. கோஷால் பாபு மூச்சை அடக்கிக்கொண்டார். தக்கை மெல்லச் சாய்ந்து உள்ளே போனது, அவர் சுண்டித் தூக்கினார், தூண்டில் வில்லாக வளைந்தது. சக்கரம் கிறீச்சென்று சுற்ற, நரம்பு குளத்தின் நடுவரை ஓடியது. ஓடும்போது ஓடவிட்டு, நிற்கும்போது சுற்றி, மறுபடி ஓடவிட்டு, வெகு நேரம் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் வலையில் ஏந்தினார். பெரிய கட்லா. வாயோரத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷமில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. காலி டப்பாவை மூடிக்கொண்டேன்.

வீடு திரும்ப இருட்டிவிட்டது. படியில் அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். எங்கள் கதவு வந்தது. செருப்புச் சத்தம் கேட்டு உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

கோஷால் பாபுவின் கை சட்டென்று பின்னால் போனது. மீன் பையை முதுகோடு அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து, கதவைப் பார்த்து நின்றார்.

வசுமதி கதவைத் திறந்தாள். அவரையும் என்னையும் என் கையிலிருந்த டப்பாவையும் பார்த்தாள். அவளுடைய அம்மா கேட்கும் கேள்வியை அவள் கேட்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. யாருக்காக ஐயா மறைக்கிறீர் என்று அவரைக் கேட்க வாயைத் திறந்தேன்.

"மாவு ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன்.

சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் எங்கே இருந்ததோ, அழுகை வந்தது, சத்தம் போட்டு அழுதேன். வசுமதி டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோஷால் பாபு குனிந்து ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை அவர் முன்னால் கொண்டுவரவே இல்லை.