நாற்பத்தோராவது அணு

தூலிக்கி தன் வாழ்நாளில் ஒரே ஓர் அணுவைத்தான் தொலைத்தாள். அதுவும் அரங்கம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, முனைவர் பட்டத்துக்கான வாதத்தில்.

நான்கு வருடமாக அவள் செய்த வேலை இதுதான். கணினிக்குள் இரும்பு அணுக்களை அடுக்கி ஒரு பெட்டி கட்டுவாள். நியூட்ரான் வந்து மோதியதுபோல் ஒன்றை எட்டி உதைப்பாள். அது பக்கத்து அணுவை இடிக்க, அது அடுத்ததை இடிக்க, பெட்டியே அல்லோலகல்லோலப்படும். பிறகு பெரும்பாலானவை நல்ல பிள்ளைகளாக இடத்துக்குத் திரும்பும். சில திரும்பாது. எத்தனை இடம் காலியோ அத்தனை அணுக்கள் வேறெங்காவது நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அணு உலையின் இரும்பு எத்தனை காலம் தாங்கும் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

குறை கண்டுபிடிக்கவென்றே ஓலு நகரிலிருந்து வரவழைக்கப்பட்ட பேராசிரியர் ஹெய்ஸ்கனென், மூன்றாவது மணி நேரத்தில் எழுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்.

"காலி இடம் நாப்பத்தொண்ணு. இடம் மாறின அணு நாப்பது. மிச்சம் ஒண்ணு எங்கம்மா? காபி குடிக்கப் போயிருச்சா?"

அரங்கம் சிரித்தது. தூலிக்கி அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். "தெரியல சார்."

"அது தெரியாம மூணாம் அத்தியாயத்த நான் ஏத்துக்க முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மூன்றாம் அத்தியாயம் போனால் பட்டமும் போனதுதான்.

கடைசியில், ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்று அவள்தான் சபையை அழைக்கவேண்டும். ஹெல்சிங்கியில் அது வெறும் சம்பிரதாயம். யாரும் எழமாட்டார்கள், எழுந்தால் பிறகு நடக்கும் விருந்து தள்ளிப்போகும். அழைத்தாள்.

எழுந்தவள் அவளுடைய தங்கை மெய்ஜு. தம்பேரே நகரில் வீட்டுச் சுவர்களுக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறவள்.

"ஆட்சேபம்லாம் இல்லக்கா. அந்த அணுப் பெட்டிப் படத்த மறுபடி போடு."

திரையில் பெட்டி தோன்றியது.

"வலது ஓரத்துல ஒரு பாதிப் புள்ளி நிக்குது. இடது ஓரத்துல, அதே உயரத்துல, இன்னொரு பாதி. ரெண்டும் ஒண்ணுதானே? காகிதம் சேர்ற எடத்துல என் பூவும் இப்படித்தான் ரெண்டா நிக்கும்."

தூலிக்கி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளுடைய பெட்டியில் வலது சுவரைத் தாண்டும் அணு இடது சுவர் வழியே உள்ளே வரும். அப்படிக் கட்டியதே அவள்தான்! இந்த அணு சுவர்மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எண்ணும் நிரலோ, அது எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்று விட்டுவிட்டது. பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி எண்ணவிட்டாள்.

நாற்பத்தொன்று.

ஹெய்ஸ்கனென் எழுந்து மெய்ஜுவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்தப் பல்கலைக்கழகம்?"

"பசை வாளிப் பல்கலைக்கழகங்க."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மூணாம் அத்தியாயத்த ஏத்துக்கிட்டேன்."

சபை மரியாதை எல்லாம் காற்றில் பறந்தது. தூலிக்கி படிகளில் ஏறி ஓடித் தங்கையைக் கட்டிக்கொண்டாள். ஆனந்தம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது.

"விடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மெய்ஜு. ஆனால் அவளும் விடவில்லை.