ஓர வரிசை இனிப்பு

அன்னாசிக்கு உடம்பெல்லாம் முள். எனக்கு உடம்பெல்லாம் பயம். அதனால் தோட்டத்துக்குள் போகிற வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, வரப்பில் நின்றே விவசாயம் பார்ப்பேன்.

எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று பார்த்துச் சொல்ல, செடிகள் பூக்கும் முன் பரிசோதனைக் கூடத்தில் இலை கேட்டார்கள். தோட்டம் முழுக்கச் சுற்றி, செடிக்கு ஒன்றாக, மிக நீளமான இலையைப் பிடுங்கிவர வேண்டும். நான் குழாயடி ஓரத்து வரிசையிலேயே கை நிறையப் பிடுங்கிக்கொண்டு போனேன். பொட்டாஷ் தாராளமாக இருக்கிறது என்றார்கள். பழத்துக்கு இனிப்பு தருவதே பொட்டாஷ்தான். தாராளமாக இருப்பதற்கு மேலும் எதற்கு என்று அன்னாசிக்கு அதை அடியோடு நிறுத்தி, யூரியாவை மட்டும் போட்டேன்.

பழங்கள் பெரிதாக வந்தன. இனித்தால் வியாபாரி மொத்தத்தையும் கடைகளுக்கு எடுப்பார். இல்லாவிட்டால் அடிமாட்டு விலைக்கு ஜூஸ் ஆலைக்கு. விளைச்சலை நம்பி, ஒழுகுகிற கூரையைப் பிரித்துவிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தோம்.

வியாபாரி வரவேண்டிய காலையில் பல் துலக்கக் குழாயடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கொல்லை வாழைக்குப் பொட்டாஷ் கரைத்த பீப்பாயைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஓர வரிசை அன்னாசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"எப்பவும் இங்கதான் ஊத்துவியா?"

"பின்ன, சாக்கடைக்கா உரம் போடுவாங்க?"

"நான் இலை எடுத்தது இந்த வரிசைலதான்."

பீப்பாயைக் கீழே வைத்தாள். "எல்லா இலையுமா?"

"உள்ள ஒரே முள்ளு."

"அன்னாசித் தோட்டத்துல மல்லிகையா இருக்கும்?"

பற்பசை நுரையை விழுங்கிவிட்டேன்.

வியாபாரி வந்தார். முள்ளைப் பார்த்தார், தன் புதுப் பேன்ட்டைப் பார்த்தார், ஓர வரிசையிலேயே ஒரு பழத்தை அறுத்தார். இனிப்பு பார்க்கும் கருவியில் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்தார்.

"தேன்தான் போங்க. மொத்தமும் எனக்கே. போன இடத்துல புளிச்ச பழத்த என் தலைல கட்டிட்டாங்க. கடைக்காரங்க முகத்துல முழிக்க முடியல."

மனைவி தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினேன். கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு நடுவிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்தேன். "இதையும் பாத்துடுங்க."

பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது யாரு தோட்டத்துப் பழம்?"

முள்ளில் தொடங்கிப் பீப்பாய் வரை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓர வரிசை கடைக்கு, மீதி ஜூஸுக்கு என்றார். வண்டியில் ஏறும்போது, "அடுத்த விளைச்சலுக்கும் என்னையே கூப்பிடுங்க. பழைய பேன்ட் போட்டுட்டு வர்றேன்" என்றார்.

வந்த காசுக்கு இனி கூரை பாதிதான். மனைவி என் கீறல்களுக்கு மருந்து தடவினாள், வேண்டுமென்றே அழுத்தி.

"எந்தப் பாதிக்குக் கூரை போடறது?" என்றேன்.

"நான் படுக்கற பாதிக்கு."

அண்ணாந்து பார்த்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.