கருவாடு காய்ந்த பக்கம்

தவசிமுத்துவுக்கு அலுத்துவிட்டது. ராயபுரத்துக் கடலோரக் கல்லூரிக்கு நாற்பத்தேழில் டிரில் மாஸ்டராக வந்து, கூடைப்பந்து அணி என்று ஒன்றை உண்டாக்கியவர் அவர்தான். ஒன்பது வருஷமாயிற்று. பலமுறை இறுதி ஆட்டம் வரை போயாயிற்று, கோப்பை மட்டும் வந்தபாடில்லை. நன்றாக ஆடினீர்கள் என்று ஊரே சொன்னது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கு வழிப்பதா?

மைதானம் என்பது ஒரு மண்தரை. இரண்டு வளையங்களில் ஒன்று உப்புக்காற்றில் துருவேறி விழுந்த பிறகு, கல்லூரி வேறு வாங்கித் தரவில்லை. மிஞ்சிய வளையத்தின் இடப்பக்கத்தில் மீன்காரி வியாகுலம்மாள் கருவாடு காயப்போடுவாள். குப்பத்தில் அத்தனை கெட்டியான தரை வேறு கிடையாது. முதல் வருஷம் பெரிய சண்டை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன தவசிமுத்து, "இடப்பக்கம் ஒனக்கு, வலப்பக்கம் எங்களுக்கு. ஆள விடு தாயி" என்று கும்பிடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து பையன்கள் வலப்பக்கமாகவே ஓடிப் பழகினார்கள். மீனை மிதித்து வியாகுலம்மாளின் வாயில் விழுவதைவிட எதிரணியிடம் தோற்பது மேல்.

வாசனைக்குப் பயந்து எந்தக் கல்லூரியும் இங்கே ஆட வராது. ஆட்டமெல்லாம் வெளியில்தான்.

இந்த வருஷம் புதுப் பிரின்சிபால் வந்தார். மைதானத்தில் ரசாயனக் கூடம் கட்ட அவருக்கு ஆசை. "கோப்பையோடு வாருங்கள், மைதானம் இருக்கும். இல்லையென்றால் அடுத்த வாரம் கடைக்கால் தோண்டுவோம்" என்று சொல்லிவிட்டார்.

இறுதி ஆட்டம் மயிலாப்பூர்ப் பக்கம், சிமெண்டுத் தரையில். வியாசர்பாடி ஜெயவேல்தான் அணியின் உயிர். பாதி ஆட்டம் முடிந்ததும் எதிரணி மொத்த ஆட்களையும் வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போதுதான் தவசிமுத்துவுக்கு உறைத்தது. இடப்பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கிறது, தன் பையன் ஒருவன்கூட அங்கே கால் வைக்கவில்லை.

"ஏல ஜெயவேலு, எடப்பக்கம் போல. அங்க ஒருத்தனும் இல்ல" என்றார். ஜெயவேல் தலையாட்டினான்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி குறைவு, பந்து ஜெயவேல் கையில். இடப்பக்கம் திரும்பிப் பாய்ந்தான். பாதியில் கால் தானாக ஒதுங்கி வலப்பக்கம் வளைந்தது. அங்கே நின்றவர்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசில் ஊதிவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னு தெரிது சார். ஆனா கால் போவல" என்று அழுதான்.

"விடுல" என்றார் தவசிமுத்து. அவன்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பந்துப்பையோடு மைதானத்துக்குத் திரும்பினார். எதிர்க்கோடியில் வியாகுலம்மாள் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தரை முழுக்கப் பெருக்கியிருந்தது. அவர் களைத்த நடையாக அவளிடம் போனார்.

"இன்னா வாத்தியாரே, சுத்திகினு வர்றே? குறுக்கால வரக்கூடாதா? கப்போட வருவீங்க, பசங்க ஆடுவானுங்கன்னு இன்னிக்கு நான் மீனே போடலியே."

தவசிமுத்து திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் வெறும் தரை. அதை ஒதுங்கிச் சுற்றித்தான் வந்திருந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தோத்துட்டோம் தாயி" என்றார். "நாளைக்கு வலப்பக்கமும் சேத்துக் காயப்போட்டுக்கோ."